பழைய என்கிரேவிங் மேப்ல இருக்குற படங்கள படிக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய மேப் ஒண்ண முதல்முறை ஸ்கேன்ல திறக்குறவங்க நேரா கடல் பக்கம் போய் அந்த ராட்சச மீனைத்தான் ஜூம் பண்ணுவாங்க. "அந்தக் காலத்துல கடலப் பாத்து பயந்துருக்காங்க" னு ஒரு வரி எழுதிட்டு ஃபைலை மூடிடுவாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அப்புறம் புதுசா வந்த சிலருக்கு சொல்லித் தரும்போது அவங்களும் அதே குழில விழுறத பாத்தேன். அதனால இங்க மீன் கடைசிலதான் வரும், அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க.

ஏன் இப்படி தலைகீழா போகணும்னா, இந்த என்கிரேவிங் மேப்கள்ல, அதாவது செப்புத்தகட்டுல கோடு செதுக்கி அச்சடிச்ச மேப்கள்ல, இருக்குற படங்கள்ல பெரும்பகுதி இன்னொரு மேப்ல இருந்தோ படப் புத்தகத்துல இருந்தோ எடுத்தது. காப்பி அடிச்சதுல போய் அந்த மேப்காரரோட மனச தேடினா கிடைக்காது. அவர் எதை மாத்தினார், எதைப் புதுசா சேத்தார், யாருக்காக சேத்தார்னு கண்டுபிடிக்கணும், அதுக்கு ஒரு வரிசை வேணும்.

1. உக்காரதுக்கு முன்னாடி வேணுங்கிறது

நல்ல ஸ்கேன் ஒண்ணு. டேவிட் ரம்ஸி கலெக்‌ஷன், அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், பிரான்ஸ் தேசிய நூலகத்தோட கேலிகா, இந்த மூணுலயும் ஒவ்வொரு கோடும் தெரியுற அளவுக்கு பெருசாக்கி பாக்கலாம், காசு கிடையாது. போஸ்டர் விக்கிற சைட்ல இருந்து எடுத்த படம் வேண்டாம், அவங்க கலர ஏத்தி ஓரத்தை வெட்டி வச்சிருப்பாங்க, நமக்கு வேணுங்கிற பாதி விஷயம் அந்த ஓரத்துலதான் இருக்கும்.

கைல ஒரிஜினல் இருந்தா நகைக்கடைக்காரர் வச்சிருக்குற மாதிரி பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு, சின்ன எல்இடி டார்ச் ஒண்ணு. எழுதுறதுக்கு பென்சில் மட்டும், பால்பாயிண்ட் பேனா மேஜைலயே இருக்கக் கூடாது. அப்புறம் ஒரு லத்தீன் அகராதி, ஆன்லைன் போதும். லத்தீன் தெரியாதேன்னு பயப்பட வேண்டாம், திரும்பத் திரும்ப வர்ற வார்த்தை முப்பதோ நாப்பதோ, ஒரு மாசத்துல பழகிரும்.

2. அது நெஜமாவே செப்புத்தகடா?

இத தாண்டிட்டு படத்துக்கு போனா மொத்த வேலையும் வீண். ஒருமுறை ஒரு கடைல ஃப்ரேம் போட்டு "1680" னு சீட்டு ஒட்டின மேப் ஒண்ண வாங்கி, வீட்டுக்கு வந்து மூணு நாள் அந்த கார்ட்டூஷ பத்தி பக்கம் பக்கமா எழுதினேன், நாலாவது நாள் லென்ஸ் வச்சா எல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு. நியூஸ்பேப்பர் போட்டோல இருக்குற மாதிரி புள்ளி தெரிஞ்சா அது பிற்கால ஆஃப்செட் பிரிண்ட், அவ்ளோதான்.

(கார்ட்டூஷ்னா தலைப்பு, ஸ்கேல் இதையெல்லாம் சுத்தி வரைஞ்சிருக்குற அந்த அலங்காரச் சட்டம். இந்த வார்த்தை இனிமே நிறைய வரும்.)

செப்புத்தகடுல ப்யூரின்னு சொல்ற கூர்மையான உளிய தள்ளித் தள்ளி கோடு போடுவாங்க, அதனால கோடு மெல்லிசா ஆரம்பிச்சு நடுவுல தடிச்சு மறுபடி ஊசி மாதிரி முடியும். தகட்டை ஈரப் பேப்பரோட சேத்து அழுத்துறதால பேப்பர்ல தகட்டோட விளிம்பு பள்ளமா பதிஞ்சிருக்கும், டார்ச்ச பக்கவாட்டுல பிடிச்சா நல்லா தெரியும். ஓரத்தை வெட்டியிருந்தா இந்தத் தடம் இருக்காது, அதுக்காக உடனே போலின்னு முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்த குழப்பம் மரக்கட்டை அச்சு. ஸ்வீடன் பாதிரியார் ஓலாஸ் மேக்னஸோட 1539 கார்ட்டா மரினா, அந்த கடல் பூதமெல்லாம் நிறைஞ்ச ஒன்பது ஷீட் மேப், அது மரக்கட்டைல செஞ்சது, என்கிரேவிங் கிடையாது. மரத்துல கோட்ட விட்டுட்டு மத்ததை செதுக்கி எடுக்கணும், அதனால கோடு தடியா ஒரே அளவுல வரும், நுணுக்கமான நிழல் கஷ்டம். செம்புல மயிரிழை கோடு போட முடியும்ங்கிறதாலதான் துணி மடிப்பு, மேகம், அலைன்னு அலங்காரம் இவ்ளோ பெருகுச்சு. இந்த வித்தியாசம் தெரியலன்னா "ஏன் இவர் இவ்ளோ எளிமையா வரைஞ்சார்" னு இல்லாத கேள்விக்கு பதில் தேடிட்டு இருப்பீங்க.

3. கலரை மனசுல இருந்து அழிச்சிடுங்க

அச்சாகி வர்றது கருப்பு கோடு மட்டும்தான், கலர் கைல போட்டது. அது அச்சான வருஷமே போட்டதா இருக்கலாம், முன்னூறு வருஷம் கழிச்சு விக்கிறவர் போட்டதாவும் இருக்கலாம். "அரசி நீல உடைல இருக்கா, நீலம்னா தூய்மை" னு ஒருத்தர் எழுதினார், அதே மேப்போட இன்னொரு பிரதில அந்த உடை சிவப்பு. ரெண்டையும் பக்கத்துல வச்சு காட்டினதும் ஆள் கப்சிப்.

பழைய கலரான்னு பாக்க ஒரு வழி இருக்கு. அந்தக் காலத்து பச்சை செம்புல இருந்து வர்ற வெர்டிகிரிஸ், அது பேப்பரை மெதுவா அரிக்கும், பச்சை இருக்குற இடத்துக்கு நேர் பின்பக்கம் பழுப்பு தெரியும். தெரிஞ்சா பழைய கலரா இருக்க வாய்ப்பு அதிகம். தெரியலன்னா ஒண்ணும் நிரூபணம் ஆகல.

ஸ்கேன்ல வேலை செய்றவங்க கருப்பு வெள்ளையா மாத்திட்டு ஆரம்பிங்க. கண்ணு கலர் பக்கமே ஓடுறத நிறுத்த இதைவிட சுலபமான வழி எனக்கு தெரியாது.

4. ஒரு கணக்கெடுப்பு, அர்த்தம் எதுவும் எழுதாம

ஒரு ஏ4 பேப்பர்ல மேப்போட வெளிக்கோட்டை போட்டு எங்க எங்க படம் இருக்குன்னு கட்டம் போட்டு நம்பர் கொடுங்க. தலைப்பு கார்ட்டூஷ், ஸ்கேல் கார்ட்டூஷ், சின்னம் இருக்குற கேடயங்கள், பார்டர் படங்கள், கப்பல், மிருகம், காம்பஸ் ரோஸ் (திசை காட்டுற நட்சத்திர வடிவம்), மூலைல இருக்குற குட்டி மேப், எல்லாம்.

ஒவ்வொண்ணுக்கும் நேரா கண்ணுல தெரியுறத மட்டும் எழுதுங்க. "பெண், உக்காந்திருக்கா, வலது கைல கோல், காலடில முதலை." "அமெரிக்கா" னு எழுதாதீங்க (அது ஏன் அமெரிக்கான்னு ஏழாவது படில வரும்). பேர் வச்சிட்டா மூளை பாக்குறத நிறுத்திடும், முதலைன்னு நினைச்சது உண்மைல ஒட்டகமா இருந்தா கூட கவனிக்க மாட்டீங்க. போர் அடிக்கும்தான், முக்கால் மணி நேரம் ஆகும், ஆனா இந்தப் படிய விட்டவங்கதான் பின்னாடி அதிகமா தப்பு பண்றாங்க.

5. எழுத்தை முதல்ல படிங்க

படத்தை சுத்தி எழுத்து இருந்தா அதான் சாவி. மூணு இடத்துல பாக்கணும்.

முதல்ல காணிக்கை வரி, யாருக்கு சமர்ப்பணம்னு எழுதியிருக்குறது. நம்ம ஊர் ஃபிளக்ஸ் பேனர்ல யார் முகம் பெருசு, யார் பேர் கீழ சின்னதா இருக்குன்னு பாத்தாலே யார் காசு, யாரோட தயவு வேணும்னு புரிஞ்சிடுமே, அதே கணக்குதான் இங்கயும். கார்ட்டூஷ்ல ஒரு பிரபுவோட சின்னம் நடுவுல இருந்தா அவர்தான் பணம் கொடுத்தவர், இல்லன்னா அவர்கிட்ட எதையோ எதிர்பாக்குறாங்க.

ரெண்டாவது, ஓரத்துல பொடி எழுத்துல இருக்குற கையெழுத்துகள். டெலினியாவிட்னா வரைஞ்சவர், இன்வெனிட்னா அந்த படத்தை கற்பனை பண்ணவர், ஸ்கல்ப்ஸிட்னா தகட்டுல செதுக்கினவர், எக்ஸ்கூடிட்னா வெளியிட்டவர். நாலும் ஒரே ஆளுன்னு நினைக்கிறது ரொம்ப சகஜமான தப்பு. சில மேப்ல நிலப்பகுதிய ஒருத்தரும் கார்ட்டூஷ வேற ஓவியரும் செஞ்சிருப்பாங்க, கார்ட்டூஷ் கோடு மட்டும் ஆசிட்ல அரிச்ச எட்சிங்கா இருக்கும், முனை கூரா முடியாம மொட்டையா நிக்கும். அப்படி இருந்தா "மேப்காரர் இந்தப் படத்துல சொல்ல வந்தது" னு எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

மூணாவதுதான் எல்லாரும் மறக்குறது, பின்பக்கம். அட்லஸ்ல இருந்து பிரிச்ச மேப்னா பின்னாடி அச்சடிச்ச விளக்கம் இருக்க வாய்ப்பு உண்டு, சில நேரம் படத்துக்கான பதிலே அங்க இருக்கும். எட்டாவது படில ஐஸ்லாந்து மேப்புக்கு வரும்போது பாருங்க.

6. கேடயமும் அதுல இருக்குற கோடும்

கேடயச் சின்னத்துக்குள்ள இருக்குற கோடு வெறும் நிழல்னு நினைச்சு தாண்டிடுவாங்க. 1638-ல சில்வெஸ்டர் பெட்ரா சாங்க்டாங்கிற ஜெசூட் பாதிரியார் விளக்கி எழுதின முறைதான் அப்புறம் ஐரோப்பா முழுக்க நின்னுச்சு: செங்குத்து கோடுன்னா சிவப்பு, படுக்கை கோடுன்னா நீலம், நம்ம பார்வைல இடது மேல இருந்து வலது கீழ சரிஞ்சா பச்சை, எதிர் பக்கம் சரிஞ்சா ஊதா, குறுக்கும் நெடுக்கும் போட்டா கருப்பு, புள்ளின்னா தங்கம், வெறுமையா விட்டா வெள்ளி. கருப்பு வெள்ளை அச்சுலயே கலர் சொல்ற வழி.

இது தெரிஞ்சா ரெண்டு லாபம். சின்னம் யாரோடதுன்னு தேட முடியும், பிற்காலத்துல கலர் போட்டவர் தப்பு பண்ணியிருந்தா கையும் களவுமா பிடிக்கலாம், படுக்கை கோட்டு மேல சிவப்பு அடிச்சிருந்தா அவருக்கு விஷயம் தெரியலன்னு அர்த்தம். அந்த வருஷத்துக்கு ரொம்ப முன்னாடி செதுக்கின தகட்டுக்கு மட்டும் இந்த ரூல வச்சு படிக்காதீங்க.

காலியா இருக்குற கேடயம் பாத்தா கதை கட்ட வேண்டாம். "வீழ்ந்த வம்சத்தோட துக்கம்" னு ஒருத்தர் எழுதியே அனுப்பினார். பிளாவ், யான்சோனியஸ்ங்கிற ஆம்ஸ்டர்டாம் மேப் வெளியீட்டாளர்கள் போட்ட இங்கிலாந்து மாவட்ட மேப்கள்ல காலி கேடயங்கள சாதாரணமா பாக்கலாம், சின்னம் கிடைச்சதும் செதுக்கிக்கலாம்னு விட்ட இடம், அவ்ளோதான்.

7. மனுஷங்க: கைல என்ன, காலடில என்ன

கோயில் தூண்ல மயிலும் வேலும் இருந்தா போர்டு பாக்காமலே முருகன்னு சொல்லிடுறோம்ல, அதே பழக்கம் இங்க கை கொடுக்கும். முகத்தப் பாக்காதீங்க, பக்கத்துல இருக்குற பொருள பாருங்க.

நாலு பெண்கள் இருந்தா பெரும்பாலும் கண்டங்கள், பருவங்களும் நாலுதான்ங்கிறதால பொருள பாத்து உறுதி பண்ணிக்கோங்க. செசாரே ரீபாவோட உருவக அகராதி, எந்தக் கருத்த எந்த உருவமா காட்டணும்னு சொல்ற புத்தகம், 1593-ல வந்துச்சு, படத்தோட 1603-ல. அதுல ஐரோப்பாவுக்கு கிரீடம், குதிரை, கோயில். ஆசியாவுக்கு பூமாலை, வாசனைப் புகைக் கிண்ணம், ஒட்டகம். ஆப்பிரிக்காவுக்கு தலைல யானைத்தலை கவசம், கைல தேள், பக்கத்துல சிங்கம். அமெரிக்காவுக்கு இறகு கிரீடம், வில் அம்பு, காலடில வெட்டின தலை, முதலை மாதிரி ஒரு பல்லி. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு கார்ட்டூஷ்கள்ல பாதிக்கு இந்த லிஸ்ட்டே போதும்.

ஆனா வருஷத்தப் பாருங்க. ஆன்ட்வெர்ப் மேப்காரர் ஓர்ட்டேலியஸோட 1570 அட்லஸ் முகப்புல இருக்குற பெண்கள ரீபாவ வச்சு விளக்குறவங்க இருக்காங்க, அந்தப் புத்தகம் வர்றதுக்கு இருபத்தி மூணு வருஷம் முன்னாடியே அந்த முகப்பு அச்சாயிடுச்சு. அதுல ஐரோப்பா உச்சில சிம்மாசனத்துல, ரெண்டு பக்கமும் கீழ ஆசியாவும் ஆப்பிரிக்காவும், அடியில அமெரிக்கா துணி இல்லாம கைல வெட்டின தலையோட. அமெரிக்கா பக்கத்துல ஒரு மார்பளவு சிலை மட்டும் இருக்கும், உடம்பு கிடையாது, தெற்குல ஒரு பெரிய கண்டம் இருக்குன்னு நம்பிட்டு அதுல ஒரு நுனிய மட்டும் பாத்ததா நினைச்சாங்க, அதனால பாதி உருவம். எனக்கு ரொம்ப பிடிச்ச விவரம் இதுதான். யார் மேல யார் கீழ, யாருக்கு துணி எவ்ளோன்னு எண்ணிப் பாத்தா அந்த முகப்பு எந்த ஊர் கண்ணுல உலகத்தப் பாக்குதுன்னு வேற விளக்கமே தேவையில்ல.

நம்ம ஆளுங்க மட்டும் தடுக்கி விழுற ஒரு இடம் இருக்கு. வில்லெம் பிளாவோட 1606 உலக மேப், சுத்தி நாலு பக்கமும் படப் பார்டர். மேல சூரியன், சந்திரன் சேத்து ஏழு கிரகம், இடது பக்கம் பூதங்கள், வலது பக்கம் பருவங்கள், கீழ பழைய உலக அதிசயம் ஏழு. புதுசா பாக்குறவர் பஞ்சபூதம்னு நினைச்சு அஞ்சாவத தேடுவார், ஆகாயம் கிடையாது, கிரேக்க கணக்குல நெருப்பு, காத்து, தண்ணி, மண் நாலுதான். பருவமும் நம்ம ஆறு இல்ல, நாலு. கிரகத்துல ராகு கேது இருக்காது, வரிசையும் நம்ம கிழமை வரிசை இல்ல, சந்திரன், புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி, அதாவது பூமில இருந்து தூரம்னு அவங்க நம்பின வரிசை. சூரியன் நடுவுல நாலாவதா நிக்குறத பாத்துட்டு "இது கோபர்நிகஸ் ஆதரவு" னு சொல்ல ஆசை வரும், வேண்டாம், பூமிய மையமா வச்ச பழைய கணக்குலயும் சூரியன் நாலாவதுதான்.

பார்டர்ல ஜோடி ஜோடியா நிக்குற உடையலங்கார ஆளுங்கள அந்த ஊர்க்காரங்களோட நெஜப் படம்னு எடுத்துக்காதீங்க, ஆம்ஸ்டர்டாம்ல உக்காந்து பயணப் புத்தகப் படங்கள பாத்து செதுக்கினது. எந்த ஊரை தேர்ந்தெடுத்தாங்கங்கிறது வேற விஷயம், அது உண்மையான தகவல். பிளாவோட ஆசியா மேப் உச்சில ஒன்பது நகரக் காட்சி: கண்டி, கள்ளிக்கோட்டை, கோவா, டமாஸ்கஸ், ஜெருசலேம், ஹோர்முஸ், ஜாவாவோட பான்டம், ஏடன், மக்காவ். பைபிள் ஊரு ஒண்ணு ரெண்ட விட்டா பெரும்பாலும் மிளகு, பட்டை, துறைமுகம். டெல்லி, ஆக்ரா இல்ல, அவ்ளோ பெரிய முகலாய ராஜ்ஜியத்துக்கு ஒரு கட்டம் கூட கிடையாது. கப்பல்காரனுக்கு தேவையான ஆசியா அது.

வேலை செய்ற ஆளுங்க இருந்தா இன்னும் கிட்ட போங்க. ஜோஷுவா ஃப்ரை, பீட்டர் ஜெஃபர்சன் ரெண்டு பேரும் போட்ட வர்ஜீனியா மேப்போட 1755 பதிப்புல கார்ட்டூஷ் ஒரு படகுத்துறை: புகையிலை பீப்பாய்கள், சாவகாசமா பேசிட்டு இருக்குற தோட்ட முதலாளிங்க, பீப்பாய சுத்தி வேலை செய்ற கருப்பின அடிமைகள், ஒருத்தர் முதலாளிக்கு குடிக்க கொண்டு வர்றார். அலங்காரம்னு போட்டதுலயே அந்த காலனியோட மொத்த பொருளாதாரமும் வந்து உக்காந்துருச்சு.

இன்னொண்ணு, படத்துல பக்கத்துல இருந்தா வாழ்க்கையிலயும் பக்கத்துல இருந்தாங்கன்னு எடுத்துக்காதீங்க. 1613-ல மெர்கேட்டர் அட்லஸ்ல சேத்த ஒரு தகட்டுல மெர்கேட்டரும் ஹோண்டியஸும் ஒரே மேஜைல குளோப் வச்சுட்டு உக்காந்திருப்பாங்க. மெர்கேட்டர் 1594-லயே போயிட்டார், ஹோண்டியஸ் 1604-ல அந்த தகடுகள விலைக்கு வாங்கினவர், அவரும் 1612-ல இறந்தாச்சு. அப்ப கடை ஹோண்டியஸ் குடும்பத்து கைல இருக்கு, "நாங்கதான் வாரிசு" னு சொல்ற விளம்பரம் அது.

8. இப்ப போங்க மீனுக்கு

மிருகத்துக்கு மூணு கேள்விய வரிசையா கேளுங்க. மேப்காரரே விளக்கம் கொடுத்திருக்காரா? அது அந்த ஊர்ல விலை போற சரக்கா? ரெண்டும் இல்லன்னா காலி இடம் நிரப்பவா?

முதல் கேள்விக்கு நல்ல உதாரணம் ஓர்ட்டேலியஸ் அட்லஸ்ல வர்ற ஐஸ்லாந்து மேப், 1590-ல வெளியானது. கடல் முழுக்க ராட்சசங்க, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு எழுத்து, ஏ-ல ஆரம்பிக்கும். பின்பக்கம் அந்த எழுத்து வரிசைல விளக்கம் அச்சாகியிருக்கு. ஏ-ங்கிறது நார்வேல் திமிங்கிலம், அத தின்னா உடனே சாவு, அதோட பல்லை யூனிகார்ன் கொம்புன்னு ஏமாத்தி விக்கிறாங்கன்னு எச்சரிக்கையே போட்டிருக்காங்க. பயத்துல வரைஞ்சதுன்னு சொன்ன இடத்துல பாத்தா சந்தை மோசடி பத்தின தகவல்! முன்பக்க ஸ்கேன் மட்டும் பாத்தவங்களுக்கு இது தெரியவே வராது. அதே மேப்ல பனிக்கட்டி மேல நிக்குற கரடிங்களும் ஹெக்லா எரிமலை வெடிக்கிறதும் இருக்கு, அதெல்லாம் நெஜத்துல உள்ளதுதான். கற்பனையும் உண்மையும் ஒரே தகட்டுல கலந்து கிடக்கும், மொத்தமா ஒரே கூடைல போடாதீங்க.

காலி இடம் நிரப்புறதுங்கிறது ஓரளவு உண்மை. ஆப்பிரிக்கா உள்பகுதில யானையும் சிங்கமும் நிறைய நிக்கும். ஆனா 1749-ல தான்வில்ங்கிற பிரெஞ்சு மேப்காரர் போட்ட ஆப்பிரிக்கா மேப்ல உறுதியா தெரியாத உள்பகுதிய அப்படியே வெள்ளையா விட்டார், அலங்காரத்தை ஓரத்து கார்ட்டூஷுக்குள்ள வச்சிட்டார். அதனால பதினெட்டாம் நூற்றாண்டு பாதிக்கு அப்புறம் நிலத்து நடுவுல யானை நின்னா, இவர் ஏன் பழைய வழக்கத்த விடலன்னு கேக்கலாம்.

"இங்கே டிராகன்கள் உண்டு" ங்கிற வாசகத்தை எல்லா பழைய மேப்லயும் தேடுறவங்களுக்கு: அந்த லத்தீன் வரி 1510 வாக்குல செஞ்ச ஹன்ட்-லெனாக்ஸ் குளோப்ல இருக்கு, நியூயார்க் பப்ளிக் லைப்ரரில வச்சிருக்காங்க. செம்புல செதுக்கின சின்ன உருண்டை, மேப் ஷீட் கிடையாது. அட்லஸ் மேப்ல தேடி நேரத்த வீணாக்காதீங்க.

சிங்கம் தனி கேஸ். மைக்கேல் ஐட்சிங்கர் 1583-ல நெதர்லாந்து பதினேழு மாகாணத்தையும் ஒரே சிங்க உருவத்துல அடக்கி வெளியிட்டார், லியோ பெல்ஜிகஸ்னு பேரு. முதல்ல பாக்குறவங்க நிலத்தையே கண்டுபிடிக்க மாட்டாங்க, ஏன்னா வடக்கு வலது பக்கம் இருக்கு, கடற்கரை சிங்கத்தோட முதுகா மேல போகுது. தலைய சாய்ச்சுப் பாத்துட்டு அப்புறம் சின்னத்தைப் பத்தி பேசுங்க. ஸ்பெயினோட சண்டை நிறுத்தம் 1609-ல இருந்து 1621 வரை, அந்த சமயத்துல விஸ்ஸர்ங்கிற டச்சு மேப்காரர் போட்ட பதிப்புல சிங்கம் வாள இறக்கி பிடிச்சிருக்கும். பழைய சிங்கத்த மட்டும் பாத்தா "வீரம்" னு சொல்லிடுவீங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சாதான் அந்த வாள் என்ன சொல்ல வருதுன்னு தெரியும்.

கப்பல்ல கொடிய மட்டும் பாருங்க, அதுவும் கோட்டுல தெரியுற கொடிய, மேல அடிச்ச கலரை நம்பாம. காம்பஸ் ரோஸ்ல வடக்குக்கு லில்லிப்பூ, சிலதுல கிழக்குக்கு சிலுவை. ஸ்கேல் பக்கத்துல கவராயம் வச்சுட்டு விளையாடுற சிறகு முளைச்ச குழந்தைங்களுக்கு ஆழமான அர்த்தம் தேடாதீங்க, அதுங்க எல்லா இடத்துலயும் இருக்கும்.

9. இது யார்கிட்ட இருந்து வந்தது?

இப்பதான் காப்பி வேட்டை. அர்த்தம் எழுதுறதுக்கு முன்னாடி இத முடிச்சே ஆகணும்.

ஹெர்மன் மோல் 1715-ல போட்ட வட அமெரிக்கா மேப்புக்கு "பீவர் மேப்" னே பேரு. மூலைல ஒரு படம், நயாகரா அருவி பின்னாடி கொட்டுது, முன்னாடி பீவர்கள் (மரத்தைக் கடிச்சு அணை கட்டுற பிராணி) வரிசைல நின்னு மரம் சுமந்து அணை கட்டுது, ஏதோ கான்ட்ராக்டர் மேற்பார்வைல நடக்குற மாதிரி. "ஆங்கிலேயர் உழைப்பை போற்றும் சின்னம்" னு எழுத கை துடிக்கும். ஆனா இந்தப் படம் 1698-ல நிக்கோலா த ஃபேர்ங்கிற பிரெஞ்சுக்காரர் மேப்ல ஏற்கனவே வந்தது, மோல் எடுத்துக்கிட்டார். அப்ப கேக்க வேண்டிய கேள்வியே வேற: பிரெஞ்சு கனடாவோட ஃபர் வியாபாரத்த காட்டின படம், பிரிட்டிஷ் ராஜாவோட நிலம்னு தலைப்பு போட்ட மேப்ல ஏன் வந்து உக்காந்துச்சு?

காப்பிய பிடிக்க ஒரு சின்ன தந்திரம். அச்சான படத்தை அப்படியே பாத்து தகட்டுல செதுக்கினா அடுத்த அச்சு இடம் வலமா திரும்பி வரும். ஆளுங்க எல்லாம் இடது கைல வாள் பிடிச்சிருந்தா, இதோட கண்ணாடி பிம்பம் எங்கயோ முன்னாடியே இருக்கான்னு தேடுங்க. ஸ்கேனை திருப்பிப் போட்டு பக்கத்துல வச்சா சில நேரம் உடனே மாட்டிக்கும்.

அப்புறம், ஒரே தகடு பல வருஷம் கை மாறி ஓடும். பேரை தட்டி அழிச்சு புது பேர் செதுக்குவாங்க, காணிக்கைய மாத்துவாங்க. ஒரே மேப்போட ரெண்டு மூணு பிரதிய ஒப்பிட்டா எங்க சுரண்டியிருக்காங்கன்னு தெரியும், மாத்தின இடத்துலதான் பெரும்பாலும் விஷயம் இருக்கு.

10. சேத்து பாக்குறது: ரென்னலோட 1782 இந்துஸ்தான் மேப்

ஜேம்ஸ் ரென்னல், வங்காளத்துல சர்வேயர் ஜெனரலா இருந்தவர். அவர் மேப்போட கார்ட்டூஷ நாலாவது படி மாதிரி கணக்கெடுத்தப்ப நான் எழுதினது: நிக்குற பெண் ஒருத்தி, அவகிட்ட புத்தகம் மாதிரி எதையோ நீட்டுற ஆளுங்க, எழுத்து செதுக்கின பீடம், பக்கத்துல ரெண்டு சிப்பாய், ஒருத்தன் விரல் நீட்டி காட்டுறான்.

எழுத்து படிக்கு போனா மேப்காரரே விளக்கம் கொடுத்திருக்கார். மேப்போட வந்த குறிப்புப் புத்தகத்துல, 1783-ல அச்சானது, இந்தப் படத்துக்கு தனியா விளக்கம் இருக்கு. அந்தப் பெண் பிரிட்டானியா, அதாவது பிரிட்டனையே பெண்ணா காட்டுற உருவம், பண்டிதர்கள் கொடுக்குற சாஸ்திர நூல்கள தன் பாதுகாப்புல வாங்கிக்கிறா, 1781-ல பிரிட்டிஷ் பார்லிமென்ட் வங்காள மக்களுக்காக செஞ்ச தலையீட்டை குறிக்குதாம். வழக்குல இந்து, முஸ்லிம் சொந்த சட்டத்தை மதிக்கணும்னு அந்த வருஷம் ஒரு சட்டம் போட்டாங்க. பீடத்துல செதுக்கினது இந்தியால பிரிட்டிஷ்காரங்களோட வெற்றிகள். சிப்பாய் தன் கூட்டாளிக்கு விரல் நீட்டி காட்டுறது கடைசியா நடந்த ரெண்டு: போர்ட்டோ நோவோ, ஷோலிங்கூர்.

அதாவது நம்ம பரங்கிப்பேட்டையும் சோளிங்கரும். பிரிட்டிஷ் ஜெனரல் ஐர் கூட், மைசூர் ஹைதர் அலிய எதிர்த்து நின்ன சண்டைகள், 1781 ஜூலைலயும் செப்டம்பர்லயும். மேப் வர்றது அடுத்த வருஷம், போர் இன்னும் முடியல, 1784 வரைக்கும் ஓடுச்சு.

விளக்கம் கிடைச்சதும் வேலை முடிஞ்சதுன்னு நிறுத்துறதுதான் இங்க எல்லாரும் பண்ற தப்பு. மேப்காரர் சொன்னது அவர் சொல்ல விரும்பினது மட்டும். அந்தப் படத்துல மேல புத்தகம், கருணை, பாதுகாப்பு, ஆனா அதெல்லாம் நிக்கிற பீடம் போர் வெற்றி, அதை பெருமையா காட்டுறவன் வெள்ளைக்காரன் இல்ல, உள்ளூர் சிப்பாய். இந்த மூணையும் யார் எங்க நிக்கிறாங்கங்கிற கணக்குல தனித்தனியா எழுதுங்க. அப்புறம் பீடத்துல எது வரலன்னு பாருங்க. 1780 செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கத்துல பொள்ளிலூர்ல கிழக்கிந்தியக் கம்பெனி படை மொத்தமா அடி வாங்குச்சு, கர்னல் பெய்லியோட பிரிவே அழிஞ்சு போச்சு. வெற்றிப் பீடத்துல தோல்விக்கு இடம் கிடையாதுதான், ஆனா 1782-ல இந்த மேப்ப விரிச்ச லண்டன்காரனுக்கு அந்தச் செய்தியும் மறந்திருக்காது, அந்த ரெண்டு ஊர் பேரை மட்டும் ஏன் விரல் நீட்டி காட்டணும்ங்கிறதுக்கு என் கணிப்பு அதுதான்.

நோட்ல இத எழுதும்போது மூணு பத்தி வச்சுக்கோங்க, கண்ணுல பாத்தது, மேப்காரர் சொன்னது, நான் ஊகிக்கிறது. மேல சொன்ன பொள்ளிலூர் விஷயம் மூணாவது பத்திலதான் போகும், முதல் பத்திக்கு ஏறக்கூடாது.